முட்டிக்கும் அளவு உண்டு

தோட்டத்தில் அளக்காத பொருள் ஏதாவது உண்டா, தோழர்களே? பாலை நிறுப்பார்கள். குலையை எண்ணுவார்கள். உதிரிப் பழத்தை மூட்டை மூட்டையாகத் தராசில் ஏற்றுவார்கள். கித்தா மரத்தில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு பட்டை சீவலாம் என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு. கொஞ்சம் தடித்துப் போனால் தண்டல் விடமாட்டார். இவ்வளவையும் நடந்து, குந்தி, குனிந்து, நிமிர்ந்து செய்து முடித்த நம் முட்டிக்காலை மட்டும் யாரும் அளந்ததில்லை. நாமும் அளப்பதில்லை. வலி பொறுக்க முடியாத நாளில் பாசார் மாலாமுக்குப் போய், பெட்டியின் மேலே உள்ள படத்தைப் பார்த்து, "அந்த எம் சைஸ் கொடுப்பா" என்று வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இதைப்பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த கிளைக் கூட்டத்தில்தான். உதிரிப் பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் நாற்காலியில் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். முட்டிக்குப் பின்பக்கம் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது.

"என்னக்கா, விழுந்துட்டீங்களா?" என்று கேட்டோம்.

"விழல தம்பி. முட்டி வலின்னு பட்டை வாங்கிப் போட்டேன். அது கடிச்சிருச்சு."

கதை இதுதான். விற்றவர், "இது எல்லாருக்கும் பொருந்தும் அம்மா, இழுத்தால் வரும்" என்றிருக்கிறார். 35 வெள்ளி. அக்கா காலை ஐந்தரைக்கு மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய், மதியம் ஒன்றரை மணி வரைக்கும் கழற்றவில்லை. பாதம் மரத்தது. இறுகினால்தான் மருந்து பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டாராம். அவருக்கு இனிப்புநீர் வேறு. பின்னந்தொடை மடிப்பில் தோல் உரிந்து புண்ணாகி, இரண்டு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. போன சம்பளத்தைக் கணக்குப் போட்டால் அந்த 35 வெள்ளி ஒன்றுமே இல்லை.

கூட்டத்தில் இதைப் பேசியபோது தோழர் ஒருவர் எழுந்தார். "சம்பளப் பேச்சு இருக்கு, வீட்டுப் பிரச்சினை இருக்கு. முட்டிக்குப் பட்டை வாங்குறது டாக்டர் வேலை. சங்கத்து வேலையா இது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை அவருக்கு ஞாபகப்படுத்தினோம். 1941ஆம் ஆண்டு இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். ஒழுங்கான மருத்துவ வசதி வேண்டும் என்றார்கள். அதற்காக ஆர்.எச்.நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. உடம்பைப் பற்றிப் பேசுவது சங்கத்துக்குப் புதிய வேலை அல்ல.

நம் தாயார் மரம் வெட்டியவர். ஒட்டுமரத்தில் வெட்டு நெஞ்சு உயரத்தில் தொடங்கும். வருஷா வருஷம் கோடு கீழே இறங்க இறங்க, வெட்டுகிறவர் முதுகும் சேர்ந்து இறங்கும். கடைசியில் குந்திக்கொண்டுதான் வெட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 500 மரம் என்றால் 500 முறை குந்தி எழுவது. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கோடாலித் தைலத்தைத் தேய்த்து, பழைய கைலித் துணியைக் கிழித்து முட்டியில் சுற்றிக்கொள்வார். அது அவர் போட்ட பட்டை. செம்பனை வந்த பிறகும் முட்டிக்கு விடுதலை இல்லை. உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள் குந்தியபடியே நகர்கிறார்கள். குலை அறுக்கிறவர்கள் இருபது கிலோ குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மழைக்காலத்தில் கான் மேல் போட்ட பலகையில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடிக்குப் போய்விட்ட நம் பெரியவர்களோ மின்தூக்கி பழுதான நாளில் நான்கு மாடி ஏற வேண்டியிருக்கிறது. அங்கேயும் முட்டிதான்.

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2010ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட தொழில் நோய்ப் பட்டியலில், நீண்ட காலம் மண்டியிட்டோ குந்தியோ வேலை செய்வதால் முட்டிக்குள் இருக்கும் சவ்வு கெடுவதும், முட்டிச் சில்லின் மேல் நீர்ப்பை வீங்குவதும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே "வயசாச்சுன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிட வேண்டாம். வயதும் ஒரு காரணம்தான். வேலையும் ஒரு காரணம்.

சரி, பட்டைக்கு வருவோம். முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டை தேய்ந்த முட்டியை வளர்க்காது. அது முட்டிக்குக் கொஞ்சம் பிடிமானம் கொடுக்கும், வலியைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே. தொடைச் சதை வலுவாக இருந்தால்தான் முட்டி நிற்கும். அதற்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுக்கும் பயிற்சிதான் மருந்து. எந்த மாதிரிப் பட்டை வேண்டும் என்பதையும் டாக்டரோ பயிற்சி கொடுப்பவரோதான் சொல்ல வேண்டும். காலுறை மாதிரி வெறும் குழாயா, நடுவில் ஓட்டை வைத்ததா, இரண்டு பக்கமும் கீல் வைத்ததா என்பது வலியின் காரணத்தைப் பொறுத்தது. முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சல் அடித்தால், மடக்கிய கால் பூட்டிக்கொண்டால், கால் ஊன்ற முடியாவிட்டால், கெண்டைச் சதை வீங்கி வலித்தால் அளவும் வேண்டாம், பட்டையும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாதிரி தெரிந்த பிறகு அளவு. இதை வீட்டிலேயே எடுக்கலாம். எடுக்கத்தான் வேண்டும் என்பது நம் கட்சி. ஏனென்றால் கடையில் அளக்கச் சொன்னால் கடைப் பையன் டேப்பை எடுத்துக்கொண்டு வருவான். தொடையில் டேப்பு வைக்க வேண்டும் என்றால் நம் அக்காமார் விடுவார்களா? கைலிக்கு மேலேயே முட்டியைச் சுற்றி ஒரு பிடி பிடித்துவிட்டு, "எல் போதும்" என்பான். இவர்களும் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இதைப் பெண்கள் யாரும் வெளியே சொல்வதில்லை. ஆனால் பொருந்தாத பட்டை வீட்டுக்கு வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது நம் அனுபவம். மகளோ மருமகளோ வீட்டில் அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.

தையல் டேப்பு ஒன்று போதும். இல்லாவிட்டால் சணல் கயிறு, பள்ளிக்கூடப் பிள்ளையின் ரூலர். கயிறு இழுபடாததாக இருக்க வேண்டும். ரப்பர் இழுபடும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! ரூலர் 30 சென்டிமீட்டர்தான் இருக்கும். கயிற்றில் பேனாவால் குறி வைத்து, ரூலரை நகர்த்தி அளந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

தன் முட்டியைத் தானே அளக்காதீர்கள். குனிந்தால் சதை இறுகும், கால் மடங்கும், அளவு மாறும். அளக்கப்படுகிறவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் சமமாக ஊன்றி நேராக நிற்கட்டும். இன்னொருவர் கீழே உட்கார்ந்து அளக்கட்டும். சில பெட்டிகளில் முட்டியை இலேசாக மடக்கி வைக்கச் சொல்லிப் படம் போட்டிருப்பார்கள். அப்படியானால் அந்தப் படத்தில் இருப்பது போலவே நிற்க வேண்டும். துணிக்கு மேல் அளக்கக் கூடாது, தோலின் மேல்தான்.

முதலில் முட்டிச் சில்லின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. அங்கிருந்து தொடைப் பக்கம் மேலே 6 அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர், அளந்து ஒரு புள்ளி. அதே போலக் கீழே கெண்டைக்கால் பக்கம் 6 அங்குலத்தில் ஒரு புள்ளி. இந்த மூன்று புள்ளியிலும் காலைச் சுற்றி அளக்க வேண்டும். டேப்பு முன்னால் ஏறி, பின்னால் இறங்கி இருக்கக் கூடாது. தரைக்குச் சமமாகச் சுற்ற வேண்டும். தோலைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும், சதையை நெரிக்க வேண்டாம். தொளதொளவென்றும் விட வேண்டாம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது தடவையும் அளக்க வேண்டியதுதான். தொடை இவ்வளவு, முட்டி இவ்வளவு, கெண்டை இவ்வளவு என்று தாளில் எழுதி, வலது காலா இடது காலா என்பதையும் எழுதுங்கள். இரண்டு காலும் ஒரே அளவு என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்ப நாள் வலிக்கிற காலில் தொடை மெலிந்து, முட்டி தடித்திருக்கும்.

எல்லாக் கம்பெனிக்கும் 6 அங்குலம்தான் கணக்கு என்று சொல்ல முடியாது. சில பெட்டியில் 4 அங்குலம் என்றிருக்கும். சிலவற்றில் முட்டி நடுவின் சுற்றளவு மட்டும் கேட்டிருப்பார்கள். பெட்டியில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அந்தப் பட்டைக்குச் சட்டம். ஒரு கம்பெனியின் எம்மும் இன்னொரு கம்பெனியின் எம்மும் ஒன்றல்ல. சட்டை எம் போடுகிறவருக்கு முட்டியும் எம்மாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அங்குலமா சென்டிமீட்டரா என்பதையும் கவனியுங்கள். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர், 15 அங்குல முட்டி 38 சென்டிமீட்டர். இதில் ஏமாந்தவர்கள் நமக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

எப்போது அளப்பது என்று அந்த அக்காவே கேட்டார். நல்ல கேள்வி. காலையில் எழுந்ததும் இருக்கிற முட்டி வேறு, எட்டு மணி நேரம் குந்தி வேலை செய்துவிட்டு வருகிற முட்டி வேறு. ஆகவே இரண்டு நேரமும் அளந்து பாருங்கள். இரண்டும் பெட்டியில் உள்ள ஒரே சைஸுக்குள் விழுந்தால் கவலை இல்லை. மாலையில் அடுத்த சைஸுக்குப் போய்விடுகிறது என்றால் முட்டியில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். குழாய் மாதிரிப் பட்டை வேண்டாம், முதலில் டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். அடிபட்டுப் புதிதாக வீங்கியிருக்கும்போது எடுக்கிற அளவு இரண்டு வாரத்தில் பொய்யாகிவிடும்.

தொடைக்கு எல், முட்டிக்கு எம் என்று வந்தால்? நம் பெண்கள் பலருக்கு அப்படித்தான் வருகிறது. இழுத்து மாட்டுகிற குழாய்ப் பட்டை இவர்களுக்குச் சரிப்படாது. மேலே நெரித்துக்கொண்டு கீழே சுருண்டு இறங்கும். சுற்றிக் கட்டி, மேலும் கீழும் தனித்தனி ஒட்டு வார் வைத்த பட்டையைக் கேளுங்கள். ஒவ்வொரு வாரையும் அதனதன் இடத்துக்கு ஏற்ற மாதிரி இறுக்கலாம்.

வாங்கி வந்ததும் வேலைக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. வீட்டில் மாட்டிப் பாருங்கள். ஓட்டை வைத்ததானால் சில்லு சரியாக ஓட்டையின் நடுவில் உட்கார வேண்டும். கீல் வைத்ததானால் முட்டி மடங்கும் இடத்துக்கு நேராகக் கீல் இருக்க வேண்டும். வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கால் மணி நேரம் நடந்து, உட்கார்ந்து, படி ஏறி இறங்கிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். விரல் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தால், பட்டைக்குக் கீழே கால் வீங்கினால் அது சிறியது. ரெண்டு எட்டு வைப்பதற்குள் இறங்கி வந்தால் அது பெரியது. துவைக்காமல் பெட்டியோடும் ரசீதோடும் வைத்திருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம். பாசார் மாலாமில் யாரிடம் போய் மாற்றுவது?

இனிப்புநீர் உள்ளவர்கள், காலில் நரம்பு சுருண்டு கிடப்பவர்கள், முன்பு காலில் இரத்தம் கட்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டை போட வேண்டாம். இனிப்புநீர்க்காரருக்குப் பாதம் மரத்துப் போயிருக்கும். பட்டை கடிப்பது தெரியாது. காப்பார் அக்காவுக்கு நடந்தது அதுதான். மற்றவர்களும் வேலை இடைவேளையில் கழற்றி, வியர்வையைத் துடைத்து, தோலைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். டாக்டர் சொன்னாலன்றி அதோடு தூங்க வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பட்டைக்குள் சொறி வர இரண்டு நாள் போதும். கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

இப்போது காசு விஷயம். வேலையில் முட்டி அடிபட்டிருந்தால் 35 வெள்ளியை நம் பையிலிருந்து எடுப்பதற்கு முன் சொக்சோ என்று ஒன்று இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1969ஆம் ஆண்டின் சட்டம் அது. வேலையில் நடந்த விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். நிரந்தர ஊனம் என்று முடிவானவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சை மட்டுமல்ல, பட்டை, செயற்கைக் கால் போன்ற சாதனங்களும் அந்தத் திட்டத்தில் உண்டு. 2019ஆம் ஆண்டு முதல் வேலை விபத்துத் திட்டம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும். பக்கத்து நிரையில் குலை அறுக்கிற இந்தோனேசியத் தம்பிக்கும் வங்காளதேசத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள். நம்மவர்களின் குறை என்னவென்றால், கான் பலகை சறுக்கி முட்டி திரும்பினால் அன்றைக்குச் சொல்வதில்லை. "நாளைக்குச் சரியாப் போயிரும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வருகிறார்கள். அப்போது சாட்சியும் இல்லை, எழுத்தும் இல்லை. அடிபட்ட அன்றே தண்டலிடம் சொல்லி எழுத வைக்க வேண்டும். கிளினிக்கில் "எங்கே, எப்படி" என்று கேட்கும்போது வேலையில் என்று சொல்ல வேண்டும். வீட்டில் எழுதிய அளவுத் தாளில் தேதியையும் போட்டு வையுங்கள். முட்டி எப்போதிலிருந்து வீங்குகிறது என்று யாராவது கேட்டால் கையில் ஏதாவது இருக்கும்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டை கட்டிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, "அதான் பட்டை போட்டிருக்கீங்களே, நிரையை முடிச்சுட்டுப் போங்க" என்று சொல்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பட்டை போட்டதால் முட்டி புதிதாகிவிடவில்லை. உதிரிப் பழத்தை நின்றபடியே வாரிச் சேர்க்க நீளக் கைப்பிடி வாரி இருக்கிறது. மண்டியிட்டுச் செய்ய வேண்டிய வேலைக்கு முட்டித் திண்டு இருக்கிறது. அவற்றை வாங்கிக் கொடுக்க ஆகிற செலவை ஒரு தொழிலாளி இரண்டு வாரம் படுத்துக்கிடக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கணக்குப் போடுவதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

காப்பார் அக்காவுக்குப் புண் ஆறிவிட்டது. கூட்டம் முடிந்து போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஐந்தாம் படிவம் படிக்கிற மகள் திரைக்குப் பின்னால் அம்மாவை நிறுத்தி அளந்து, தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். தொடை 20, முட்டி 16, கெண்டை 14; எல்லாம் அங்குலம். பழைய பட்டையின் பெட்டியைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார்கள். அதன் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில், முட்டி 14 அங்குலம் வரைக்கும் என்று போட்டிருந்தது. எல்லாருக்கும் பொருந்தும் என்று சொன்னவர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை, அக்காவும் பார்க்கவில்லை. அந்தத் தாளோடு அவர் அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போகிறார்.

ஒவ்வொரு கிளையும் ஒரு தையல் டேப்பு வாங்கிக் கணக்குப் புத்தகத்தோடு வைக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் முடிவாயிற்று. கேள்வி கேட்ட அந்தத் தோழர்தான் முதல் டேப்பை வாங்கி வந்தார். ஆண்களுக்கு அவர் அளப்பார். பெண்களுக்கு அளக்க மாதர் பகுதியிலிருந்து இருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வரும்போது, வீட்டில் பழைய பட்டை இருந்தால் அதன் பெட்டியையும் கையோடு எடுத்து வாருங்கள்.